கல்யாண கார்டில் நான் வெட்டிய ஊர்

தம்பி,

நீ என்னோடு கதைத்து ஐந்து கிழமையாகிவிட்டது. போன் அடித்தால் எடுக்கிறாய் இல்லை. வட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழுகிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆகவே எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதாமல், கோயிலடியில் சும்மா கொடுக்கிற மாதப் பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். சிட்னியில் கிரவீன், பெண்டில் ஹில், செவன் ஹில்ஸ் என்று நம்முடைய சனம் இருக்கிற தெருவெல்லாம் இப்போது என்னைப் பற்றித்தான் கதை. ஒரே கல்யாணத்துக்கு இரண்டு தரம் கார்ட் கொண்டு திரிந்த பைத்தியம் என்று பெயர். அரைகுறையாகக் கதைப்பதை விட முழுவதையும் வாசித்துவிட்டுக் கதைக்கட்டும். வாசிக்கப் பஞ்சிப்படுகிற சனம்தான். ஆனால் அடுத்தவன் வீட்டுச் சங்கதி என்றால் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்தாவது வாசித்துவிடும்.

விஷயம் தெரியாதவர்களுக்காக நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ வேலைக்கென்று பின்லாந்துக்குப் போய் ஐந்து வருடம். அங்கே ஹெலியைக் கண்டு பிடித்துக்கொண்டாய். கல்யாணத்தைச் சிட்னியில், கோயிலில், எங்கள் முறைப்படி வைக்க அவளும் சம்மதித்தாள். அவளுடைய தகப்பன் மாத்தியும் தாய் ஊல்லாவும் அதற்காக இங்கே வருவதென்று முடிவானது. கார்ட் அடிக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. பெண்வீட்டு விபரத்தை நீ எழுதி அனுப்பினாய்: பின்லாந்து, சாவிநேவா, மாத்தி ஊல்லா தம்பதிகளின் ஏக புத்திரி. நான் சாவிநேவாவை வெட்டிவிட்டு, அந்த ஊரைத் தன்னோடு இணைத்துக்கொண்ட பக்கத்துப் பட்டணத்தின் பெயரைப் போட்டு அடித்தேன். உன்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. கார்டைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். நீயும் ஒழுங்காக வாசிக்காமல் அதை அப்படியே மாத்திக்கு அனுப்பினாய். அவர் ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பட்டணத்து மாத்தி யாரென்று எனக்குத் தெரியாது, அவரையே கூப்பிடச் சொல்லுங்கள்" என்று சொல்லி, கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். நீ எனக்கு அடித்தாய். "அம்மா, சீரியஸ்லி? அவர் வராட்டி ஹெலி அங்க கல்யாணம் வேண்டாம் எண்டுறா. நாங்கள் இஞ்சயே சைன் பண்ணுறம். நீங்கள் போட்டோவில பாருங்கோ" என்று சொல்லி வைத்தவன்தான், பிறகு எடுக்கவேயில்லை.

எனக்கு அப்போது வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அதையும் ஒளிக்கவில்லை. போன வருடம் நானும் அப்பாவும் வந்து பார்த்த அந்தச் சாவிநேவாவுக்காகவா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? ஒரு தேவாலயம், ஒரு பெற்றோல் செட், ஒரு கடை. கடையில் பதினெட்டு விதமாக உருளைக்கிழங்கு வைத்திருந்தார்கள், பச்சைமிளகாய் ஒன்று இல்லை. மற்றதெல்லாம் வெள்ளைத் தோல் மரமும் கடிக்கிற நுளம்பும். "சனம் எங்க?" என்று அப்பா கேட்டார். நீ ஊல்லாவின் பக்கத்து வீட்டுக் கிழவரைக் காட்டினாய், அவர் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஒருவரையும் பார்க்காமல் உள்ளே போனார். ஒரு நாளைக்கு ஐந்து தரம் கோப்பி, கூடவே ஏலக்காய் போட்ட பணிஸ். அந்தப் பணிஸ் ஒன்றுதான் எனக்கு விளங்கிய மொழி. மாத்தி ஒரு வசனம் சொல்லி அடுத்த வசனம் வருவதற்குள் ஒரு பணிஸைத் தின்று முடித்து விரலையும் துடைத்துவிடலாம். இந்த மனுசனோடு சம்பந்தியாக இருந்து நான் எதைக் கதைக்கப்போகிறேன் என்று அப்பாவிடம் தமிழில் முறைப்பட்டேன். "அவர் பாவம், பேசாமல் இரும்" என்றார் அப்பா. அப்பாவுக்கு எல்லோரும் பாவம்தான்.

இரண்டாம் நாள் மாத்தி எங்களை ஊர் காட்டக் கூட்டிப்போனார். ஒரு செங்கல் கட்டடத்தின் முன்னால் காரை நிறுத்தினார். அது ஒரு காலத்தில் சாவிநேவாவின் பிரதேச சபைக் கந்தோராம். இப்போது ஒரு பக்கத்தில் கிழமைக்கு இரண்டு நாள் திறக்கிற நூலகம், மற்றப் பக்கத்தில் கால் நகம் வெட்டிவிடுகிற கடை. மாத்தி அந்தச் சபையில் முப்பது வருடம் தெருவில் பனி தள்ளுகிற வண்டி ஓட்டியவர். பட்டணத்தோடு சேருவதா வேண்டாமா என்று சபையில் கையுயர்த்தி ஒரு வாக்கு வித்தியாசத்தில் சேருவது என்று தீர்மானித்தார்களாம். சேர்ந்தால் எல்லா வசதியும் வீட்டு வாசலுக்கு வரும் என்று கோட் போட்ட ஆட்கள் வந்து திரையில் படம் காட்டினார்களாம். முதலில் பல் வைத்தியர் போனார், பிறகு முழு ஆஸ்பத்திரியும் போனது, பிறகு பெரிய வகுப்புப் பிள்ளைகள் பஸ்ஸில் போனார்கள். ஹெலி இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, நான் நகம் வெட்டுகிற கடையின் விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் தன்னுடைய வீட்டுக் கொட்டிலுக்குக் கூட்டிப்போனார். பனிக்காலத்துக் கார் ரயர்களுக்குப் பின்னால் ஒரு தகரப் பலகை சாத்தியிருந்தது. சாவிநேவா என்று எழுதி, மேலே ஏதோ ஒரு பறவை போட்ட சின்னம். சபை கலைக்கப்பட்ட அன்று, நான்கு தெருவிலும் எல்லையில் நின்ற ஊர்ப்பலகைகளைக் கழற்றுகிற வேலையை அவரிடம்தான் கொடுத்தார்களாம், தெருவேலைக்காரன் அவர்தானே. கொட்டுகிற பனியில் ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி, பட்டணத்துக் களஞ்சியத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்களாம். "மூன்றைக் கொடுத்தேன்" என்றார் மாத்தி. அதுதான் அன்றைக்கு அவர் சொன்ன நீளமான கதையின் முடிவு. ஹெலியின் கண் கலங்கியது. நீ அவளுடைய தோளைப் பிடித்தாய். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கவுன்மெந்துத் தகரத்தைக் களவெடுத்து வைத்துக்கொண்டு ஒரு கிழவன் காவியம் படிக்கிறான் என்று நினைத்தேன். சிட்னியில் எங்கள் கவுன்சிலையும்தான் பக்கத்துக் கவுன்சிலோடு சேர்த்தார்கள். குப்பைவாளி பற்றி வருகிற கடிதத்தின் தலைப்பு மாறியது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. யாரும் அழவில்லை. யாரும் பலகையைக் கொட்டிலில் ஒளிக்கவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, இங்கே எங்களுக்கு அது ஊரில்லை, விலாசம். அப்போது எனக்கு அந்த வித்தியாசம் உறைக்கவில்லை.

இனி அந்த வெட்டு வேலை. கார்ட் அடிக்க முதல், உன் மாமியிடம் காட்டிக் கேட்கவேண்டும் என்று செவன் ஹில்ஸுக்குப் போனேன். அப்பாவின் அக்கா அல்லவா, அவவைக் கேட்காமல் எங்கள் வீட்டில் முருங்கைக்காய் கூட வெட்டியது கிடையாது. மாமி கதிரையில் சாய்ந்திருந்து போனில் சாவிநேவாவைத் தேடினா. "இஞ்ச பாரும், இப்படி ஒரு சபையே இப்ப இல்லையாம். பழைய காலத்தில இருந்ததாம். இல்லாத ஊரைப் போட்டால் சனம் என்ன சொல்லும்? பெடியன் எங்கயோ காட்டுக்குள்ள போய்ப் பெண் எடுத்தவன் எண்டெல்லோ சொல்லும்" என்றா. "அந்தப் பட்டணத்தைப் போடும். அங்க யூனிவர்சிற்றி எல்லாம் இருக்கு. பார்க்கிறதுக்கும் ஒரு வடிவு." நான் ஓம் என்றேன். உடனே ஓம் என்றேன், தம்பி, ஒரு கணம் கூட யோசிக்கவில்லை. அச்சகத்துப் பெண், "அக்கா, மகன் அனுப்பினதில வேற பேர் இருக்கே" என்று கேட்டதற்கும், "அது கிராமம், இதுதான் டவுன், இதையே போடும்" என்று அதட்டினேன். அந்தப் பட்டணத்தின் பெயரை இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. கார்டில் அதற்குக் கிடைத்த மரியாதை போதும்.

நீ போனை வைத்த பிறகு ஒரு கிழமை நான் மாத்தியைத் திட்டிக்கொண்டே திரிந்தேன். குசினியில் சமைத்தபடி திட்டினேன், காரில் திட்டினேன், பரமட்டாவில் கண் டொக்டரிடம் காத்திருந்தபோதும் வாய்க்குள் திட்டினேன். பனி தள்ளினவனுக்கு இவ்வளவு ரோசமா? பெற்ற மகளின் கல்யாணத்தை விட ஒரு தகரப் பலகை பெரிதா? வேறு எந்தத் தகப்பனாவது இப்படிச் செய்வானா? மகளுடைய நன்மைக்காகத் தன்னுடைய வாயை மூடிக்கொண்டு வந்து, சிரித்து, சாப்பிட்டு, ஆசீர்வதித்துவிட்டுப் போகிறவன்தானே தகப்பன்? இப்படி அப்பாவிடம் கத்திக்கொண்டிருந்தேன். அப்பா கார் ஓட்டிக்கொண்டிருந்தார். சந்தியில் சிவப்பு விளக்கில் நிறுத்திவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "உம்மட ஐயா வந்தவர்தானே" என்றார். பிறகு பச்சை விழுந்தது, போனோம்.

இதற்கு மேல் எழுதுவது உனக்குத் தெரியாத சங்கதி. என்னுடைய ஊர் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிற பெரிய ஊர் என்னுடைய ஊர் அல்ல. அதன் பெயரையும் இங்கே எழுதமாட்டேன், அதற்கும் போதுமான மரியாதை கிடைத்துவிட்டது. நான் பிறந்தது அதற்குப் பக்கத்தில் உப்புத்தரையோடு ஒட்டிக் கிடந்த நண்டுப்பிட்டி. எங்களுக்குத் தபால் கந்தோர் இல்லை, பெரிய ஊருக்குத்தான் கடிதம் வரும், அதனால் ஊரும் அதுதானே என்று எனக்கு நானே பல வருடம் நியாயம் சொல்லி வந்தேன். அது பொய். யாழ்ப்பாணத்தில் எந்த ஊர் என்று ஒருவர் கேட்பது வழி தெரிந்துகொள்ள இல்லை என்பது உனக்கு விளங்காது, இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு நன்றாக விளங்கும். நண்டுப்பிட்டி என்று சொன்னால் அடுத்த கேள்வி வராது. நீங்கள் யார், உங்களை வீட்டுக்குள் எந்த மட்டும் விடலாம், எந்தக் கோப்பையில் தேத்தண்ணி தரலாம் என்பதெல்லாம் கேட்டவருக்கு அந்த ஒரு சொல்லிலேயே கிடைத்துவிடும். நான் அந்த ஊரை நினைத்து உருகுகிற ஆள் இல்லை. ஈயும் உவர்த்தண்ணியும் நாற்றமும்தான் அங்கே இருந்தன. படித்து வெளியே வந்த நாள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பிடிக்காத ஊர் என்பது ஒன்று, அதிலிருந்து வந்த மனிதர்களை அழித்துவிடுவது வேறொன்று. நான் செய்தது இரண்டாவது.

எனக்கும் அப்பாவுக்கும் கொழும்பில் வெள்ளவத்தையில் கல்யாணம் நடந்தது. கொழும்பில் ஒரே கந்தோரில் வேலை செய்தபோது அவர் என்னை விரும்பிக் கேட்டவர். பிறகு அவர் சிட்னிக்கு வந்து, விசா கிடைத்ததும் கல்யாணத்துக்காகத் திரும்பி வந்தார். அவருடைய வீட்டில் சண்டை நடந்து, அழுகை நடந்து, கடைசியில் மாமிதான் ஒரு வழி கண்டுபிடித்தா: கார்டில் என் தகப்பனின் ஊரை மாற்றிப் போடுவது. அடிக்க முதல் எழுதின தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டி, "சரிதானே?" என்று கேட்டா. நான் ஓம் என்றேன். அன்றைக்கும் உடனேதான் சொன்னேன். அப்பா பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்தார். அவரை நான் இதற்காக முப்பத்தைந்து வருடமாக மனதுக்குள் கேவலமாக நினைத்து வந்தேன். ஓம் என்று சொன்ன வாய் என்னுடையது என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

என் ஐயாவுக்கு, அதாவது உன் அம்மப்பாவுக்கு, நண்டுப்பிட்டியில் சைக்கிள் திருத்துகிற கடை இருந்தது. யுத்தத்தில் பாதை பூட்டியிருந்த காலத்தில் நாலு நாள் அலைந்து கொழும்புக்கு வந்து சேர்ந்தார். வந்தவரின் கையில் கார்டைக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்தார். தன் பெயருக்கு முன்னால் இருந்த ஊரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கார்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கல்யாண மண்டபத்தில் முதல் வரிசையில் அவரை இருத்தினார்கள். அப்பாவின் பெரியப்பா ஒருவர் பக்கத்தில் வந்து இருந்து, "நீங்கள் அங்க எவடம்?" என்று கேட்டார். நான் மணவறையில் இருந்தேன், பத்து அடி தூரம், எனக்குக் கேட்டது. ஐயா சிரித்தபடி, "கோயிலுக்குப் பின்வீதி" என்றார். அந்தப் பெரிய ஊர்க் கோயிலின் பின்வீதியில் அவர் ஒரு நாள் கூட நடந்ததில்லை, தம்பி. வாசலுக்கு அப்பால் அவரை விட்டதில்லை. அவரைச் சேர்க்காத கோயிலின் பின்னால் எனக்காக ஒரு வீட்டைக் கட்டி, அதிலே குடியிருந்ததாகச் சொல்லிவிட்டு, எல்லோரோடும் இருந்து சாப்பிட்டு, அட்சதை போட்டுவிட்டுப் போனார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை என்று எல்லோருக்கும் சொன்னேன். போயிருக்கலாம். போனால் எங்கே போகிறாய் என்று கேட்பார்கள் என்ற பயத்தில் போகவில்லை.

இங்கே வந்த பிறகு பொய் சொல்லுவது எளிதாகிவிட்டது. கோயிலில் புதிதாக ஒருத்தியைக் கண்டால் முதல் கேள்வி அதுதானே. பெயர் கேட்க மாட்டாள், பிள்ளைகள் எத்தனை என்று கேட்க மாட்டாள், "நீங்கள் ஊரில எவடம்?" என்பாள். நான் ஐயா கட்டிய அதே வீட்டைக் காட்டுவேன்: கோயிலுக்குப் பின்வீதி. உனக்கு ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் பற்றி ஒரு பெரிய மட்டையில் ஒட்டிக் கொண்டுவரச் சொன்னார்கள், ஞாபகம் இருக்கிறதா? அம்மா பிறந்த இடத்தை வரைபடத்தில் காட்டச் சொல்லி நீ என்னிடம் சிவப்புப் பேனாவைத் தந்தாய். நான் பெரிய ஊரில் புள்ளி வைத்தேன். உனக்கு நட்சத்திரம் கிடைத்தது, அதைக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்தேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் இதில் கேவலமான பகுதி.

இப்படிப்பட்ட நான்தான் மாத்தியைப் பார்த்து இளக்காரமாகச் சிரித்தேன். ஒரு பட்டணம் விழுங்கிய ஊருக்காக அந்த மனுசன் தகரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். என்னுடைய ஊரை விழுங்க யாரும் வரவில்லை, ஒரு வாக்கெடுப்பும் நடக்கவில்லை, நானாகவே எடுத்து ஊட்டினேன். அவரை வரப்பண்ண வேண்டுமென்றால் அவருடைய ஊரை மட்டும் திருத்தினால் போதும் என்றுதான் நீ நினைப்பாய். எனக்குப் போதவில்லை. அச்சகத்துக்குத் திரும்பப் போனேன். பெண்வீட்டுப் பக்கம் சாவிநேவா. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம், பேரப்பிள்ளை என்று போடுகிற இடத்தில், நண்டுப்பிட்டி காலஞ்சென்ற என் ஐயாவின் பெயர். திருத்தின தாளை அப்பா வாங்கிக் கனநேரம் பார்த்தார். "இதையும் போடத்தான் வேணுமோ? சம்பந்தி கேட்டது தன்ர ஊரைத்தானே" என்றார். "போடத்தான் வேணும். உங்களுக்குக் கூச்சமெண்டால் நான் தனியப் போய்க் குடுக்கிறன்" என்றேன். அப்பா காலில் சப்பாத்தை மாட்டினார். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு அந்த மனுசனில் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

கார்டைத் தபாலில் போட்டாலே முகத்தைத் திருப்புகிற சனம் இது. இருவரும் நேரே போகவேண்டும், தட்டத்தில் குங்குமம் சந்தனத்தோடு கையில் கொடுக்கவேண்டும், கோப்பி குடிக்கவேண்டும். முதல் தரம் போன அத்தனை வீட்டுக்கும் மூன்று சனி ஞாயிறு திரும்பவும் போனோம். பெண்டில் ஹில்லில் ஒருத்தி கதவைத் திறந்ததும், "அன்ரி, வெடிங் கான்சலா?" என்றாள். இல்லை, முதல் கார்டில் பிழை, அந்தப் பிழையை விட்டது நான்தான் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். சிலர் புதுக் கார்டை வாங்கி, சாவிநேவாவைப் பார்த்து, "ஓ, ஸ்பெல்லிங்கோ?" என்றார்கள். பிறகு கண் கீழே இறங்கும். நண்டுப்பிட்டியில் நிற்கும். அங்கே கண் நிற்கிற நேரத்தை நான் அளக்கப் பழகிவிட்டேன். ஒருவர் கார்டை வாங்கி, குங்குமத்தை எடுக்காமல் தட்டத்தைத் திருப்பித் தந்தார். ஒரு வீட்டில் கோப்பி முதல் தரம் பீங்கான் கோப்பையில் வந்தது, இந்தத் தரம் கடதாசிக் கோப்பையில் வந்தது. தற்செயலாக இருக்கலாம் என்று அப்பா காரில் சொன்னார். இந்த ஊரில் எல்லோரும் வீடு வாங்கி, பிள்ளைகளை டொக்டராக்கி, தேர்தலில் வாக்குப் போட்டு, அலமாரியில் பீங்கானுக்குப் பக்கத்தில் கடதாசிக் கோப்பையையும் பத்திரமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பதினாயிரம் கிலோமீற்றர் பிளேனில் வந்தும் இறக்கி வைக்க மனம் வராத சாமான் அது. நான் அந்தக் கோப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன், கோப்பையை மேசை நடுவில் வைத்துவிட்டு வந்தேன்.

கடைசியாக மாமியின் வீடு. தட்டத்தை நீட்டினேன். மாமி கார்டைக் கையில் வாங்கவில்லை. "மேசையில வையும்" என்றா. இருந்த இடத்திலிருந்தே எட்டி வாசித்தா. "எங்கட குடும்பத்தை இந்த வயசில சந்தியில விட்டிட்டீர்" என்றா. "நான் அண்டைக்கு உமக்கு நல்லதுக்குத்தானே செய்தனான்?" அதற்கு நான் பதில் வைத்திருந்தேன், மூன்று கிழமையாகக் கூர் தீட்டி வைத்திருந்தேன். ஆனால் அவவுடைய முகத்தைப் பார்த்தபோது அவ அதை உண்மையாகவே நம்புகிறா என்று தெரிந்தது. "நீங்கள் கேட்டனீங்கள், நான்தான் ஓம் எண்டனான்" என்று மட்டும் சொன்னேன். அவ கல்யாணத்துக்கு வரமாட்டா. அவவின் பிள்ளைகளும் வரமாட்டார்கள். இன்னும் சில வீடுகளிலும் அன்றைக்குத் திடீரென்று காய்ச்சல் வரும். வரட்டும். மண்டபத்தில் கதிரை மிஞ்சினால் காலை நீட்டி இருக்கலாம்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் தாய் என்ற உரிமையில் சொல்கிறேன். உனக்கும் என்னுடைய வியாதி கொஞ்சம் தொற்றியிருக்கிறது. பின்லாந்தில் உன்னை யாராவது எந்த நாடு என்று கேட்டால் அவுஸ்திரேலியா என்று சொல்லிவிட்டு, கேட்டவர் உன் முகத்தை மறுபடி பார்க்கும்போது பேச்சை மாற்றுகிறாய். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சொல்லிப் பழகு. ஹெலி ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சம்மதம் என்று எடுக்காதே, அந்த வீட்டில் வாய் திறக்காமல் இருப்பதற்குப் பல அர்த்தம் இருக்கிறது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. உனக்கு முன்னால் யாராவது ஒரு தாளை நீட்டிச் சரிதானே என்று கேட்டால், முழுவதையும் வாசித்துவிட்டு வாயைத் திற. நானும் வாசித்திருக்கவேண்டும், நீயும் வாசித்திருக்கவேண்டும்.

புதுக் கார்டை மாத்திக்குத் தபாலில் அனுப்பியிருந்தேன். நேற்று நீ வேலையில் இருந்த நேரம் பார்த்து ஹெலிக்கு வீடியோவில் அடித்தேன், அவள் தகப்பன் வீட்டில்தான் இருந்தாள். மாத்தியைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்து, கார்டைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். உங்கள் ஊரை வெட்டியது என் மகன் இல்லை, நான்தான், உங்களைக் கேவலமாக நினைத்துத்தான் வெட்டினேன் என்று சொன்னேன். ஹெலி கடைசித் துண்டைச் சொல்லத் தயங்கினாள். அதையும் சொல் என்றேன். பிறகு கார்டில் மற்றப் பக்கம் இருக்கிற பெயர் யாருடையது என்று சொன்னேன், வெள்ளவத்தைக் கதையையும் சொன்னேன். மாத்தி அசையவில்லை. லைன் அறுந்துபோச்சு என்று அப்பா போனைத் தட்டிப் பார்த்தார்.

பிறகு அவர் ஏதோ கேட்டார். "உங்கள் தகப்பனார் வந்தாரா என்று கேட்கிறார்" என்றாள் ஹெலி.

வந்தார் என்றேன்.

"எந்த ஊர் என்று கேட்டபோது என்ன சொன்னார் என்று கேட்கிறார்."

கதையில் அதைச் சொல்லியிருந்தேன். ஆனாலும் அவர் திரும்பக் கேட்டார். பொய் சொன்னார், எனக்காகச் சொன்னார் என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, தம்பி. அந்த மனுசனுக்கு முன்னால், அவருடைய குசினி மேசையில் கோப்பி ஆறிக்கொண்டிருக்க, ஐயா செத்ததற்கு அழாத அழுகையை அழுதேன். மாத்தி அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். ஆறுதல் சொல்லவில்லை. அதற்காக நான் அவருக்கு நன்றி சொல்வேன்.

அழுது முடிந்த பிறகு அவர் கொஞ்சம் நீளமாகப் பேசினார். ஹெலி சொன்னாள்: "வருகிறாராம். ஆனால் அங்கே யாராவது ஊர் எது என்று கேட்டால் சாவிநேவா என்றுதான் சொல்வாராம். வேறு எதையும் சொல்லச் சொல்லி யாரும் அவரைக் கேட்கக் கூடாதாம்."

கேட்பார்கள் என்று சொல் என்றேன். எங்கள் சனம் சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்கும். மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிற இடத்தில் சம்பந்திகள் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கவேண்டும், அன்றைக்கு என்னிடமும் கேட்பார்கள், முதலில் அவர் சொல்லட்டும், அடுத்ததாக நான் சொல்கிறேன் என்று சொல் என்றேன். ஹெலி சொன்னாள். மாத்தி யோசித்துவிட்டுச் சரி என்றார்.

இனி நீ போனை எடுக்கலாம்.

அம்மா